அம்மா மேல் கட்டிய பிராது

ஒரு நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போய், பை நிறைய எதையெதையோ அள்ளிக்கொண்டு வந்து, வீட்டுக்காரர் கண்ணில் படாமல் பீரோவுக்குள் தள்ளுகிற என் வயதுப் பெண்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆளுக்கொரு கைவேலையைப் பிடித்துக்கொண்டோம். ஒருத்திக்கு ஆரி வேலை, ஒருத்திக்குக் குரோஷா, இன்னொருத்தி மண்ணில் கம்மல் செய்கிறாள். போன வாரம் நம்மில் ஒருத்தி தன் பீரோவைத் திறந்து காட்டினாள். பிரிக்காத பாசிமணிப் பொட்டலம், உறை கிழிக்காத நூல், போனில் ஆர்டர் பண்ணி வந்த பெட்டி பெட்டியாகச் சாமான். "இந்த ஜென்மத்துக்கு இது தீராதுடி" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். நான் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனேன். உனக்கு என்ன ஆச்சு என்று அப்புறம் போனில் கேட்டீர்கள். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், உங்கள் எதிரில் அழ எனக்கு இஷ்டமில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் விருத்தாசலம். பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கமாக ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் ஓடு போட்ட சார்ப்பு. காலைக் கழுவிவிட்டு வந்தாலும் தரையில் வெள்ளைப் பாதம் விழும், அவ்வளவு களிமண் தூசி அந்தத் தெருவில். அப்பா ஒரு கம்பெனியில் சூளை எரிப்பவர். அம்மா வேறொரு பொம்மைக் கம்பெனியில் கண் எழுதுகிறவள். சூளையில் வெந்து வெள்ளையாக வருகிற பொம்மைக்குக் கண், புருவம், உதடு எழுதுவது மட்டும்தான் அவள் வேலை. உருவம் செய்கிறவர்கள் வேறு, அச்சு வார்க்கிறவர்கள் வேறு. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஈரக் களிமண்ணை உருட்டி எங்களுக்கு யானை, எருமை, தாடிக்காரர் என்று செய்து கொடுப்பாள். அந்த எருமை திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு கை அவளுக்கு.

அக்கா அப்போது ஒன்பதாம் வகுப்பு, நான் மூன்றாவது. அக்காவுக்குப் படிப்பென்றால் உயிர். காய்ச்சலில் கிடந்தாலும் ஸ்கூலுக்குப் போயே தீருவேன் என்று நிற்பாள். காலையில் பல் விளக்கிக்கொண்டே கணக்குச் சூத்திரம் சொல்வாள், எனக்குத் தலைவலிக்கும். பரீட்சைப் பேப்பரை வாங்கி வந்து அம்மாவிடம் காட்டுவாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆனாலும் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்து, "அழகா இருக்குது கண்ணு" என்பாள்.

அந்த வருஷம் வைகாசியில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு டீச்சரம்மா பொம்மை வாங்க அம்மாவின் கம்பெனிக்கு வந்தார். அம்மா கண் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பேச்சுக் கொடுத்ததில் அம்மாவுக்கு உருவமும் வரும் என்று தெரிந்தது. "தசாவதாரம் எங்க பாத்தாலும் கிடைக்கறது. ஆனா எங்க ஊர்ப் பெருமாள் மாதிரி, இடுப்புல கைய வெச்சுண்டு நிக்கற வராகர் யாருமே பண்ணித் தரலம்மா. நீ பண்ணித் தரியா? எங்க தெருவுல கொலு வைக்கற அத்தனை பேரும் வாங்கிப்பா" என்றார். கையில் முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். முதலாளி சும்மா விடவில்லை. "போறவ போ. திரும்பி வந்தா உன் எடம் இருக்காது. உன் பெரிய பொண்ணு வேணும்னா வரட்டும், சின்ன கை, நல்லா கண்ணு எழுதும்" என்றார். அப்பா இதைக் கேட்டுக்கொண்டு வந்து சாப்பிடும்போது சொன்னார். "டீச்சரம்மா வேலைய நவராத்திரிக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டா புள்ள படிக்கட்டும். இல்லன்னா விஜயதசமி கழிச்சு கம்பெனிக்குப் போவட்டும். என் ஒருத்தன் சம்பளத்துல வண்டி ஓடாது." அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. அம்மா அவள் தலையைத் தடவி, "நான் முடிச்சுடுவேன் கண்ணு, நீ ஏன் பயப்படுற" என்றாள். சத்தியமாக அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

அம்மா முதலில் செய்த காரியம் மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறியது. அங்கே ஒரு பாய் கடை வைத்திருந்தார். பெயின்ட், பிரஷ், அச்சுக்கு வார்க்கிற பிளாஸ்டர் மாவு எல்லாம் கிடைக்கும். நானும் கூடப் போவேன். டர்பன்டைன் வாடை, சாக்கு வாடை, உள்ளே எங்கிருந்தோ வரும் அத்தர் வாடை. பாய் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து பிரஷ்களை எடுத்து விரித்து வைப்பார். அணில் முடி பிரஷ் என்று ஒன்று, அம்மா அதைத் தன் புறங்கையில் வருடிப் பார்ப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள். பம்பாயிலிருந்து வந்த தங்கப்பூச்சு ஒரு சின்னப் புட்டியில். மயில்நீலம் தனியாக, கிருஷ்ணநீலம் தனியாக. "ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டால், "அடிப்போடி" என்று சிரிப்பாள்.

கடைக்குப் போய் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் திருநாள்தான். அம்மா வாங்கியதையெல்லாம் பாயில் பரப்புவாள். நாங்கள் சுற்றி உட்காருவோம். இது மீன் செதிலுக்கு, இது ஆமை ஓட்டுக்கு, இது வாமனர் குடைக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வாள். அப்பாகூட பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார். அன்று ராத்திரி குழம்பில் கத்தரிக்காய் தாராளமாக மிதக்கும். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் கட்டி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். களிமண்ணில் கை வைக்கமாட்டாள். ரெண்டு நாள் முகம் வாடிக் கிடக்கும். அப்புறம், "இன்னும் ஒரு சாமான் கொறையுது, அது வந்துட்டா ஆரம்பிச்சுடலாம்" என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்புவாள்.

இன்றைக்கு எனக்குப் புரிகிறது. பிறர் செய்த பொம்மைக்குக் கண் எழுதியே பழகினவள், முதல் தடவையாக முழு உருவத்தையும் தன் பேரில் செய்து ஊரார் வீட்டுக் கொலுவில் வைக்கப்போகிறாள். அதுவும் மகளின் படிப்பு அந்தக் கையில் தொங்குகிறது. பயந்துபோயிருந்தாள். கடையில் நிற்கும்போது மட்டும் அந்தப் பயம் இல்லை. அங்கே எல்லாப் பொம்மையும் அவள் மனசுக்குள் முடிந்து பளபளவென்று நின்றிருக்கும். இதை அப்போது யார் அவளிடம் கேட்டோம்? ஒருத்தரும் கேட்கவில்லை.

டிரங்குப் பெட்டி நிரம்பிற்று. உளுந்து டப்பாவில் கலர்த் தூள் ஏறியது, உளுந்து துணிப்பைக்குப் போயிற்று. பிளாஸ்டர் மலிவாக வந்திருக்கிறது என்று மூட்டை மூட்டையாக மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. நானும் அக்காவும் படுக்கிற இடத்தில் அந்த மூட்டைகள் படுத்துக்கொண்டன. நாங்கள் அடுப்பங்கரையில் கால் மடக்கிப் படுத்தோம். ஒருநாள் நான் கோலமாவு என்று நினைத்து அந்த மாவை அள்ளி வாசலில் கோலம் போட்டுவிட்டேன். தூறல் விழுந்து கோலம் கல்லாக இறுகிவிட்டது. பால்காரர் தடுக்கி விழுந்தார். அப்பா கடப்பாரையால் கோலத்தைப் பெயர்த்தார். தெருவே கூடிச் சிரித்தது, அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வருஷம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அக்காவுக்கு அந்த மூட்டையால் ஒரு பிரயோசனம் இருந்தது. ஸ்கூல் பாவாடையை மடித்து மூட்டைக்கு அடியில் வைத்துவிடுவாள், காலையில் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். ஆடி முடிகிற சமயம் ஒருநாள் பாவாடை ஈரமாக வந்தது. "சீ, தரை ஓதம் காக்குது" என்று எரிச்சலோடு கொடியில் போட்டாள். அதற்கு மேல் யாரும் அதை யோசிக்கவில்லை. பாவாடை நனைந்தால் மூட்டைக்குள் இருக்கிற மாவு என்ன ஆகும்? எத்தனை வருஷமாக இதை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன் தெரியுமா!

அப்பா அடக்கிப் பார்த்தார். பழசு தீராமல் புதுசு வாங்கக் கூடாது என்றார். "பழைய பெயின்ட்டு செத்துப்போச்சுங்க, ஒட்டவே மாட்டேங்குது" என்று அம்மா புதுசு வாங்கினாள். அப்பா மூடியைத் திறந்து குச்சியால் கலக்கிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "இதான் கடைசி, அம்மன் சத்தியம்" என்றாள். கடைசி என்பது வந்துகொண்டே இருந்தது. அப்பா சைக்கிளில் மங்கலம்பேட்டைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பாய் சங்கடப்பட்டாராம். "தங்கச்சி வந்து நின்னா நான் எப்படிங்க இல்லன்னு சொல்றது? சரி, நீங்க சொல்லிட்டீங்க, இனிமே குடுக்கல. அல்லா மேல ஆணை." அதற்கப்புறம் அம்மா சேத்தியாத்தோப்புப் பஸ்ஸில் ஏறினாள். சந்தைக்குப் போகிறேன் என்று போய், கூடையில் கத்தரிக்காய்க்கு அடியில் ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் கொண்டுவந்தாள். ஆவணி பிறக்கப்போகிறது, ஒரு பொம்மைகூட ஆகவில்லை.

அன்று அக்கா கத்திய கத்து எனக்கு இன்னும் கேட்கிறது. "நீ வாங்கி வாங்கி வெச்சுக்க. என் படிப்ப வித்து வாங்கிக்க. உனக்கு நான் வேணாம், உனக்குப் பெயின்ட்டு டப்பாதான் வேணும்." அம்மா கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் மடித்தாள். அக்கா அப்பாவிடம் போய், "கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டலாம்ப்பா" என்றாள்.

நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். போலீசுக்குப் போய் ஆகாதது அவரிடம் ஆகும். மாடு திருடினவன், வரப்பை வெட்டினவன், வாங்கியதை இல்லையென்றவன், இவர்கள் மேல் காகிதத்தில் பிராது எழுதி சாமி பாதத்தில் வைத்து, வெளியே முனியப்பர் எதிரில் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாசத்துக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ந்ததும் கட்டினவர் போய், தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு ராஜினாமா என்று பேர். அதுவரைக்கும் பிராது நிற்கும். நிற்கிற பிராதை மீறினால் வீட்டில் யாருக்காவது ஆகாது என்று பயம். எதிரிமேல் கட்டுவதை அம்மாமேல் கட்டினார்கள் என் வீட்டில்.

அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் நடந்தே போனோம். அக்கா தன் பரீட்சை எழுத்தில் எழுதினாள். எங்கள் அம்மா கைவேலைச் சாமான் எதையும் இனி வாங்காமல் இருக்க சாமி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிராது வாங்குகிற அய்யா எந்த ஊர், எவ்வளவு தூரம் என்று கேட்டார், அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி காணிக்கை. "யாரு மேலம்மா?" என்றார். அப்பாதான் மெதுவாகச் சொன்னார். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விபூதி கொடுத்தார். வேலில் ஆயிரம் பொட்டலம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா தன்னுடையதை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசலிலேயே நின்று, "உன் மேல பிராது கட்டியாச்சு. இனி நீயாச்சு, கொளஞ்சியப்பராச்சு" என்றார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீர் கையோடு வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அக்காவைக் கேட்டாள்.

"என் பேர எழுதினியா கண்ணு?"

"இல்ல. எங்க அம்மான்னு எழுதினேன்."

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மா. எழுந்துபோய் அரிசியைப் போட்டாள்.

சாமி பெரியவர்தான், சும்மா சொல்லக்கூடாது. மறுநாள் அம்மா களிமண்ணைப் பிசைந்தாள். வாங்குகிற வழி அடைபட்டதும் செய்கிற வழி ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியது போலிருக்கிறது. அந்த ஆவணி மாசம் முழுக்க அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. மீன் வந்தது, ஆமை வந்தது. வராகர் வந்தபோது நாங்கள் மூச்சு விடவில்லை. பன்றி முகத்தில் அப்படி ஒரு கருணை எங்கிருந்து கொண்டுவந்தாளோ. இடுப்பில் கை வைத்து, முகத்தை மட்டும் ஒருபக்கம் திருப்பி, யாரோ கூப்பிட்டதற்கு "என்ன?" என்று கேட்கிற மாதிரி நின்றார். அக்கா ஸ்கூலிலிருந்து ஓடிவந்து முதலில் பார்ப்பது அவரைத்தான். அப்பா சூளை முதலாளியிடம் பேசி, நவராத்திரிக்கு முந்தின கடைசிச் சூளையில் ஒரு தட்டு இடம் வாங்கிவிட்டார். அக்கா பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசி வைத்தாள்.

உருவம் முடிந்தால் அதன்மேல் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி அச்சு எடுக்கவேண்டும். அந்த அச்சுக்குள் பாலாகக் கரைத்த களிமண்ணை ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், சுவர் மாதிரி பொம்மை நிற்கும். நல்ல பிளாஸ்டர் இறுகும்போது சுடும். கம்பெனியில் அச்சு வார்க்கிற இடத்தில் நான் கை வைத்துப் பார்த்திருக்கிறேன், கோழி உட்கார்ந்து எழுந்த முட்டை மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். அம்மா முதல் அச்சை ஊற்றியபோது புரட்டாசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. "பாப்பா, கைய வெச்சுப் பாரு, சூடு வருதா?" என்றாள். வைத்தேன். சில்லென்று இருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுப் பாரு." வைத்துக்கொண்டே இருந்தேன். "இல்லம்மா." அவளே வந்து இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை.

அடுத்த மூட்டையைப் பிரித்தாள். அதற்கடுத்ததையும். எல்லாம் தரை ஓதத்தில் ஈரம் வாங்கிக் கட்டி தட்டியிருந்தது. பிளாஸ்டர் ஈரம் வாங்கினால் அவ்வளவுதான், வெறும் சுண்ணாம்புத் தூள் மாதிரி. இறுகின மாதிரி தெரியும், விரலால் அழுத்தினால் உதிரும். வீடு கொள்ளாத பிளாஸ்டர், ஒரு அச்சுக்கு ஆகாது.

அன்று அப்பா சூளையிலிருந்து வந்ததும் அம்மா ஓடினாள்.

"என்னங்க, ஒரு மூட்டை பிளாஸ்டர் வேணுங்க. புதுசா. ஒரே மூட்டை."

அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். "வந்துட்டியா? இத்தினி நாளா கேக்கலயேன்னு பாத்தேன். வூடு பூரா மூட்டை, இன்னும் ஒண்ணு கேக்குற."

"அது செத்துப்போச்சுங்க."

"பெயின்ட்டுகூடத்தான் செத்துப்போச்சு."

"அன்னிக்குப் பொய் சொன்னேங்க. இன்னிக்கு நெசமாச் சொல்றேன். வந்து தொட்டுப் பாருங்க."

அப்பா வந்து தொட்டுப் பார்க்கவில்லை. சூளைக்காரருக்கு அச்சு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் அன்றைக்கு மனசில்லை. மாவு வெள்ளையாக இருக்கிறது, மாவுதானே என்றார். அம்மா அக்காவிடம் போனாள். அக்கா விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, நாளைக்குக் கோயிலுக்குப் போயி பிராதத் திரும்ப வாங்கிடு. ஒரு மூட்டை வாங்கிட்டு வந்துடறேன். மறுநாளே நீ வேற பிராது கட்டிக்க. நானே கூட வரேன்."

"மாட்டேம்மா."

"உனக்காகத்தான் கண்ணு கேக்குறேன்."

"எனக்காக வாங்காத. எனக்காக வாங்காம இரு" என்று அக்கா அழுதாள். "இருக்கறத வெச்சு செய்ம்மா. கால்ல வுழுறேன், இருக்கறத வெச்சு செய்."

அவள்மேல் தப்பு இல்லை. அம்மா சொன்ன அத்தனை 'இதான் கடைசி'யையும் கேட்டவள் அவள்.

அம்மா பிராதை மீறி பஸ் ஏறியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்திருக்கிறேன். அவள் மீறவில்லை, பிராது கட்டின கை அக்காவுடையது. மீறினால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்தாள். சூத்திரம் கண்டுபிடிக்கிற மாதிரி யோசித்து, தான் வாங்கினால்தானே குற்றம் என்று என்னை மங்கலம்பேட்டைக்கு அனுப்பினாள். கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டாள். நான் கடையில் நின்று, "அம்மா ஒரு மூட்டை பிளாஸ்டர் வாங்கியாரச் சொன்னாங்க, பஸ்ஸு மேல போட்டு அனுப்பிடுவீங்களாம்" என்றேன். பாய் என்னைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்தார். "உங்க அப்பாகிட்ட சத்தியம் பண்ணிட்டனே பாப்பா. அம்மாவுக்கு ஒடம்பு சரியா இருக்குதா? நல்லா தூங்கறாங்களா?" என்று விசாரித்தார். கையில் பேரீச்சம்பழம் கொடுத்து, திரும்புகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எல்லோரும் நல்லவர்கள்தான், அதுதான் என் வயிற்றெரிச்சல். பஸ் நிற்கிற இடத்தில் மழையில் நனைந்துகொண்டு அம்மா காத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் மேற்கூரையைப் பார்த்தாள், மூட்டை ஏதும் இல்லை. என் கையில் இருந்த பழத்தைப் பார்த்தாள். "சாப்டு" என்றாள்.

அப்புறம் அவள் மாவை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தாள். வறுத்தால் ஈரம் போய் உயிர் வரும் என்று கம்பெனியில் யாரோ சொன்னது ஞாபகம். அடுப்புக்கு முன்னால் புகையும் மாவுமாக, முகம் வெளுத்து, விரல் நுனியெல்லாம் கொப்புளமாக, சட்டி சட்டியாக வறுத்தாள். கொஞ்சம் இறுகியது, கொஞ்சம் வெடித்தது. அதிலேயே அச்சு எடுத்தாள். களிமண்பாலை ஊற்றி, பிரிக்கிற நேரம் வந்தபோது வீடே சுற்றி நின்றோம். அச்சின் உட்பக்கம் பொம்மையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மீனுக்குச் செதில் இல்லை. நரசிம்மருக்கு வாய் இல்லை. வராகர் முகம் வழித்துவிட்ட மாதிரி மொழுக்கென்று இருந்தது, இடுப்பில் வைத்த கை பிய்ந்து அச்சிலேயே தங்கிவிட்டது.

அப்பா அப்போதுதான் மூட்டைக்குள் கை விட்டார். அள்ளினார், பிடித்துப் பார்த்தார், உதறினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் போனார். புது மூட்டையை கேரியரில் கட்டி, மேலே தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தி, வெற்று உடம்போடு வந்து சேர்ந்தார். "இந்தாடி, வாங்கியாந்துட்டேன், ஊத்து, இப்பவே ஊத்து" என்று கத்தினார். அம்மா வாசலில் நின்று சூளைப் பக்கம் கையைக் காட்டினாள். கடைசிச் சூளையின் வாயைக் கல் வைத்து அடைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். அப்பா மூட்டையை இறக்காமல் சைக்கிளைப் பிடித்தபடியே மழையில் நின்றார். பெரிய ஆம்பிளை அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

டீச்சரம்மா வந்தார். அச்சு எடுப்பதற்கு அம்மா கையால் செய்திருந்த, சுடாத களிமண் வராகரை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இத்தனை அழகா பண்ணியிருக்கியே, ஏம்மா முடிக்கல?" என்று கேட்டார். கோபிக்காமல்தான் போனார். கடையில் கிடைக்கிற தசாவதாரத்தை வாங்கிக்கொண்டிருப்பார்.

விஜயதசமி கழிந்தது. அக்கா ஸ்கூல் பாவாடையை எனக்கு வளர்ந்தால் ஆகும் என்று மடித்து வைத்துவிட்டு, தாவணி கட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கண் எழுதப் போனாள். போகும்போது அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. அம்மா எதையும் வாங்கவில்லை. கடைத்தெருவில் நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டே நடப்பாள். உப்பு, புளி வாங்கக்கூட என்னை அனுப்புவாள். மூன்று மாசம் ஆயிற்று. கேட்டது நடந்துவிட்டது, ராஜினாமா கொடுக்காவிட்டால் குற்றம் என்று அப்பா சொன்னார். அக்கா வரமாட்டேன் என்றாள். கட்டினவள் வராமல் எப்படி என்று அம்மாவே அவளைத் தலை வாரிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன்.

பிராது வாங்குகிற அதே அய்யா. "யாரு மேல கட்டினீங்க?" என்று கேட்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் மேலதாங்க" என்றாள் அம்மா. "பலிச்சிடுச்சுங்க. கேட்டத சாமி குடுத்துட்டாரு. எழுதிக்குங்க."

திரும்பும்போது விருத்தாசலம் கடைத்தெருவுக்குள் வந்ததும் அக்கா ஒரு கடை வாசலில் நின்றுவிட்டாள். வாசலில் பெயின்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன, கயிற்றில் பிரஷ் தொங்கியது. அக்கா கம்பெனியில் வாங்கிய முதல் சம்பளத்தில் கொஞ்சம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அந்த முடிச்சை அவிழ்த்தாள்.

"அம்மா, உனக்கு ஒரு பிரஷ் வாங்கித் தரட்டா? அணில் முடி பிரஷ். நானே வாங்கித் தரேம்மா."

அம்மா கடையைப் பார்க்கவில்லை. அக்காவின் விரலைப் பிடித்து, அந்த முடிச்சைத் திரும்ப இறுக்கிப் போட்டுவிட்டாள்.

"எதுக்குக் கண்ணு? வூட்லதான் எல்லாம் இருக்குதே."